நீ மட்டும் படித்த பக்கங்கள்

திண்டிவனம்,
11.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். எல்லோரும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால், நான் நலம். கனடாக் குளிரில் நீயும் கலைப்பிரியாவும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கலை, “அப்பா, இப்ப என்ன படிக்கிறீங்கன்னு அம்மா கேக்கறாங்க” என்றாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய். வளையல் சத்தம் கேட்டது. போனை வாங்கி நீயே கேட்டிருக்கலாம். போகட்டும். போன செப்டம்பரில் விமானம் ஏறியதிலிருந்து நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. புயல் அன்று வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டனுப்பியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதை ஊரே கேட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கலை படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதனால்தான் தாளும் உறையும்.

அன்றே இன்னொன்றும் சொன்னாள். மார்ச் கடைசியோடு உன் விசா முடிகிறதாம். மேலும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்க மனு போடலாமாம். நீ இன்னும் முடிவு சொல்லவில்லையாம். “நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்றாள். அம்மா விருப்பம் என்றேன். வேறென்ன சொல்வது? மாப்பிள்ளை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கும்போது எனக்கு எதுவும் வாயில் வராது என்பது உனக்குத் தெரியும்.

சரி, புத்தகங்கள்.

பரிசு வாங்கிய அந்தத் தடித்த நாவலை முதலில் முடித்தேன். மூன்று தலைமுறை, ஒரு பெரிய நிலக்காரக் குடும்பம், எழுநூறு பக்கம். பண்ணை வீட்டு மாட்டுக்கெல்லாம் பெயர் உண்டு. களத்தில் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேருக்குத்தான் ஆசிரியர் பெயர் வைத்திருக்கிறார், அந்த இரண்டு பேரும் வந்த பக்கத்திலேயே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் வீட்டு மனிதர்கள் ஒரு நாவலுக்குள் நுழைய வேண்டுமானால் கண்ணீரோடுதான் வர வேண்டும் போலிருக்கிறது. என் அப்பா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகும்போது சினிமாப் பாட்டு பாடிக்கொண்டே போவார். மேஸ்திரியை மேஸ்திரி குரலிலேயே பேசிக் காட்டி ஒரு கொல்லையையே சிரிக்க வைப்பார். அந்த ஆளை எழுத இவர்களுக்குக் கை வராது. விழுப்புரம் வாசகர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அடுத்தது நம் ஒலக்கூர் பக்கம் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நாவல். எழுதியவர் ஒலக்கூரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கதையில் ஆள்கள் ‘ஏலே’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்! திண்டிவனத்துக்காரன் எவன் ஏலே என்றான்? புத்தகத்தை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு அருகே பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் துரைக்கண்ணு இருக்கிறாரே, அவரிடம்தான். “சார், கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீங்க இன்னா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டி செக் பண்ற மாதிரி ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துக்கினு” என்றார். பிறகு, “மேடம் இருந்தா இப்டி பாதில திருப்ப வுடமாட்டாங்க. எப்ப வர்றாங்க?” என்றார். வருவார்கள் என்றேன்.

பக்கத்து வீட்டு கெங்கம்மாளும் தினம் கேட்கிறாள். வாசல் கூட்டும்போதே ஆரம்பித்துவிடுகிறாள். “சாரு, அம்மா வந்துட்டாங்களான்னு கேக்கறேனேன்னு கோச்சிக்காதீங்க. முருங்க மரத்துல காயி முத்திக்கினு நிக்குது. அவங்க இல்லாம நான் எப்படிப் பறிக்கறது?” என்கிறாள். பறித்துக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு வீட்டில் பெண் இல்லாவிட்டால் மரத்துக்குக்கூட யாரும் என்னிடம் அனுமதி வாங்குவதில்லை.

மூன்றாவது, ஒரு சின்னப் பெண் எழுதியது. நூற்றிருபது பக்கம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவளாம். கதையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, சண்டை சச்சரவு எதுவுமில்லாமல், ஒருநாள் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்குகிறாள். சமைக்கிறாள், தூங்குகிறாள், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறாள். அவ்வளவுதான் கதை. நடை நன்றாக இருக்கிறது, மறுக்க மாட்டேன். வளவள என்று எழுதாமல் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துகிறாள். ஆனால் கணவன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை பிரபா. புத்தகம் முழுக்க அவன் ஒரு போன் மணியாக மட்டும் வருகிறான். அடிக்கிறது, நிற்கிறது. அந்தப் பக்கம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான், சாப்பிட்டானா, எதை நினைத்து அந்த எண்ணை அழுத்தினான் என்று ஒரு பாரா எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆசிரியரின் முகவரிக்கு இதைக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாம் முறையும் படித்தேன். எங்காவது எனக்குத் தவறியிருக்குமோ என்றுதான். தவறவில்லை.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. உன் புத்தகங்களை மேலே ஏற்றி வைத்துவிட்டுத்தான் என்னுடையதைத் தொட்டேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நீ வந்து அலமாரியைப் பார்த்தால், என்னுடையது மட்டும் ஏன் உப்பியிருக்கிறது என்று கேட்பாய்.

நனைந்தவற்றை மின்விசிறியின் கீழ் பிரித்துக் காயவைத்தபோது நெடுஞ்செழியனின் நாவல் கையில் வந்தது. பெயரைப் பார்த்ததும் நீ நிமிர்ந்து உட்காருவாய். ஆமாம், அதே நாவல்தான். கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார். நான் பிரிக்காமல் கீழே செருகி வைத்திருந்தேன். பணிமூப்புப்படி எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதன் மேல் ஒரு நாவலும் எழுதிய மனிதர். அவரை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

நீ படித்தாய். உன் பள்ளிக்கூட சித்ரா டீச்சரிடம் இரவல் வாங்கி, எனக்குத் தெரியாமல் படித்தாய். படித்துவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. “அவரு நல்லா எழுதியிருக்காருங்க” என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் சொன்னாய். நான் தட்டை நகர்த்தினேன். “உங்களுக்குப் பிடிக்காதவரு எழுதினா அச்செழுத்து தலைகீழா மாறிப்பூடுமா?” என்றாய். நான் ஏதோ சொன்னேன். அப்போதுதான் நீ, “ஊர்ல ஒவ்வொருத்தரா தள்ளி வெச்சிக்கினே வந்தீங்க. இப்ப மிச்சம் நான் ஒருத்திதான்” என்றாய். ஆடி மாதம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. நீயும்தான் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆவணி முடிவதற்குள் பிரசவம் பார்க்கப் போக டிக்கெட் வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறையில் அதைப் படித்தேன். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயம் இழுவை. வர்ணனையில் நிலா அதிகம். ஆனால் கதையில் வரும் அந்த ஆள், வானூர் பக்கத்துக் கொத்தனார் மண்ணாங்கட்டி, அவனைக் கீழே வைக்க முடியவில்லை. பேசினால் குத்தல், பேசாவிட்டால் முறைப்பு. சித்தாளோடு சண்டை, அண்ணனோடு சண்டை, கட்டிய வீட்டுக்காரனோடு சண்டை. நெடுஞ்செழியனுக்கு இப்படி ஒரு ஆளை எங்கே பார்க்கக் கிடைத்ததோ தெரியவில்லை. அவன் மனைவி முனியம்மாள் எல்லாவற்றையும் பொறுத்துப் பார்க்கிறாள். இருநூற்றெட்டாம் பக்கத்தில் துணிப்பையை எடுத்துக்கொண்டு, இரும்பை கிராமத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறாள். இவன் டீக்கடைத் தட்டியின் பின்னால் நின்றுகொண்டு பார்க்கிறான். கூப்பிடவில்லை.

பக்கத்தைப் புரட்டினால் மறுபடி நூற்றுத் தொண்ணூற்று மூன்று. பைண்டிங்கில் ஒரு பகுதியை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டார்கள், அடுத்த பகுதியை விட்டுவிட்டார்கள். என் பிரதியில் முனியம்மாள் இரண்டு முறை பஸ் ஏறிப் போகிறாள். ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை. அதன் பிறகு நேராக இருநூற்று இருபத்தைந்து. அங்கே அவள் தன் அடுப்படியில் நின்றுகொண்டு, “சொத்த கத்திரிக்காயா பொறுக்கிக்கினு வந்துக்கிற, கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்று அவனைத் திட்டுகிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான்.

நடுவில் பதினாறு பக்கம் இல்லை.

துரைக்கண்ணுவிடம் கேட்டேன், அவரிடம் பிரதி இல்லை. “எழுதினவரு உங்க காலேஜ்லயேதான சார் கீறாரு? அவரையே ஒரு வார்த்த கேட்டுட்டாப் போச்சு” என்றார். நெடுஞ்செழியன் அறை என் அறைக்கு அடுத்தது. கேட்டால் உடனே வேறு பிரதி எடுத்துக் கொடுப்பார், டீயும் வாங்கிக் கொடுப்பார். ஒருநாள் அவர் கதவு வரைக்கும் போனேன். “வாங்க அன்பு” என்றார். வருகைப் பதிவேட்டைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

விழுப்புரம் ரயிலில் நாம் ஒன்றாக வேலைக்குப் போன வருடங்களில், எந்த நாவலையும் நீதான் முதலில் படிப்பாய். மயிலம் தாண்டியதும் கதையை ஆரம்பிப்பாய். எதிர் சீட்டுக்காரர்களும் காதை நீட்டுவார்கள். முண்டியம்பாக்கம் வரும்போது சரியாக ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, “மிச்சத்த நீங்களே படிச்சிக்குங்க” என்று பையைத் தோளில் மாட்டிக்கொள்வாய். இந்த ஒரு நாவலின் கதையை மட்டும் நீ எனக்குச் சொல்லவில்லை. இன்றும் அந்த ரயிலில்தான் போகிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை மூன்று நான்கு விதமாகக் கட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை.

அவன் இரும்பைக்குப் போனானா? போனால் வாசலில் நின்றானா, உள்ளே போனானா? எனக்குப் புரியாதது அங்கேதான். முதல் இருநூறு பக்கத்தில் அவன் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கிற வாயும் இல்லை அவனுக்கு. கேட்டான் என்று எழுதியிருந்தால் நான் நம்ப மாட்டேன், நீயும் நம்பியிருக்க மாட்டாய், நல்ல நாவல் என்று சொல்லியிருக்க மாட்டாய். அப்படியானால் அவன் சொன்னது என்ன? எதைக் கேட்டு அவள் பையை எடுத்தாள்?

நீ அதைப் படித்திருக்கிறாய். மறந்திருக்க மாட்டாய். கலையிடம் சொல்லி அனுப்பாதே, போனில் அவளை வைத்துக்கொண்டும் வேண்டாம். எழுதினாலும் சரிதான். ஆனால் பதினாறு பக்கத்தைக் கடிதத்தில் எழுத உனக்குக் கை வலிக்கும். நீ சொல்லிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

முருகனை வேண்டிக்கொண்டு பேரனுக்கு என் ஆசிகளை அனுப்புகிறேன். நன்றாக வளரட்டும், எல்லோரோடும் பேசிப் பழகுகிற பிள்ளையாக வளரட்டும். வெளியே போகும்போது நீ காதை மூடிக்கொள். உனக்குக் குளிர் ஆகாது.

மனுவைப் பற்றிக் கலை மறுபடி கேட்டால், அப்பாவுக்கு ஒரு நாவல் பாதியில் நிற்கிறது என்று சொல்.

இப்படிக்கு,
உன்
அன்புச்செல்வன்