கசெற்றின் கடைசி நாலு நிமிடம்

15.9.80 திங்கள்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. புத்தகமெல்லாம் மணல். மூக்குக்கண்ணாடியைத் தேடி அரை நாள்.

பி.ப. 4: லண்டனிலிருந்து ரவியின் கசெற். கடிதம் எழுத நேரமில்லாத பிள்ளைகள் இப்போது பேசி அனுப்புகிறார்கள். முதல் ஐம்பத்தாறு நிமிடமும் தாய்க்கு: குளிர், தடிமன், சோறு. பிறகு: "அப்பா, கடைசியில உங்களுக்கு ஒரு பாட்டுப் போட்டிருக்கிறன். வேலையால வந்து நான் கேக்கிறது. பிடிச்சிருக்கோ எண்டு சொல்லுங்கோ. இதே கசெற்றில பேசி அனுப்புங்கோ."

மகன் என்னிடம் கேட்ட, பரீட்சையோடு சம்பந்தமில்லாத முதற் கேள்வி.

16.9 செவ்வாய்

பாட்டைக் காலையில் நாலு தரம் கேட்டேன், மத்தியானம் மூன்று. பற்றறி வாங்கவேண்டும்.

பாடுபவர் கறுப்பு அமெரிக்கர். முதலில் பியானோ மட்டும். பிறகு வயலின்கள். எப்போது வந்தன என்று ஏழு தரமும் பிடிக்க முடியவில்லை. ஆழமில்லாத பரவைக் கடலில் நீர் ஏறுவதுபோல. பார்த்துக்கொண்டு நின்றால் ஏறாது, குனிந்து பார்த்தால் முழங்கால் அளவு. நாற்பது வயலினாவது இருக்கும். ஒரு மனிதன் கெஞ்சுவதற்கு இத்தனை பேர் துணை. எங்கள் ஊரில் ஆண்கள் கெஞ்சுவது கல்விக் கந்தோரில் மட்டும், அதுவும் இடமாற்றத்துக்கு.

மனைவி குசினியிலிருந்து: "இஞ்சாருங்கோ, அவன் என்ன சொல்லி அழுறான்?"

"போகாதை எண்டு."

"ஆரை?"

"ஒரு பெண்ணை."

"அவள் ஏன் போறாள்?"

"பாட்டில சொல்லேல்லை."

"அப்ப அவனிலதான் பிழை."

முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எந்த மாணவனும் எழுதவில்லை.

17.9 புதன்

சரவணைக் கிராமத்து மயில்வாகனத்தாரின் மகன் சனிக்கிழமை லண்டன் போகிறான். கசெற்றைக் கொண்டுபோவானாம். வெள்ளிக்கிழமை எல்லோரும் பேசுவதென்று தீர்மானம். என்னைக் கேட்கவில்லை.

"மேல பேசினால் பாட்டு அழிஞ்சுபோகும்" என்றேன்.

"அழிஞ்சால் என்ன? பிள்ளைக்கு எங்கட குரல் வேணும்" என்றாள் மனைவி.

அவள் சொல்வதும் சரி. அதுதான் கஷ்டம். நாளை யாழ். போய் வேறு கசெற் வாங்குவது.

18.9 வியாழன்

பஸ்ஸில் போக நின்றபடி, வரவும் நின்றபடி. வெறும் கசெற் மூன்று கடையிலும் இல்லை. நாலாவது கடையில் சினிமாப் பாட்டுப் பதிந்தது ஒன்று. "இதை அழிச்சுப்போட்டுப் பேசலாம், மாஸ்ரர்." வாங்கினேன். வழி முழுக்கச் சந்தோஷம்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவியும் அவள் தங்கையும் ஒரு பக்கம் கேட்டு முடித்துவிட்டார்கள். மச்சாள் கண்ணைத் துடைத்தபடி: "இதையோ அத்தான் அழிக்கப்போறியள்? எப்பிடி மனம் வருது உங்களுக்கு?"

மனைவி அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆக, இந்த வீட்டில் அழிக்கத் தகுந்த பாட்டு ஒன்றுதான்.

இரவு ஒரு தரம் கேட்டேன். ரவிக்குச் சொல்ல வேண்டியதை மனதில் எழுதினேன்: வயலின், பரவைக் கடல், பாடுபவரின் மூச்சு. நாலு வசனம். பிழையில்லை.

19.9 வெள்ளி

பதிவு.
மனைவி: கேட்டது 20 நிமிடம், எடுத்தது 34.
மச்சாள்: 15. தன் மகனின் விசா.
கோயில் ஐயர்: ஆசீர்வாதம், 2 என்று வந்து 7.

ஐயர் முடித்ததும் மச்சாள் றெக்கோடரை என் பக்கம் தள்ளினாள். "நாலு நிமிசம் கிடக்கு, அத்தான். நீங்கள்தான் மிச்சம்."

"எனக்கு வேண்டாம். அது கிடக்கட்டும்."

"ஐயர்கூடப் பேசிப்போட்டார். தகப்பன் பேசேல்லை எண்டால் பொடியன் என்ன நினைப்பான்?" என்றாள் மனைவி.

உண்மை. பேசாவிட்டால் அவன் கேட்டதற்குப் பதிலில்லை. பேசினால் பாட்டு இல்லை. சிவப்புப் பொத்தானை நானே அமத்தினேன்.

மூன்று பேரும் என் வாயையே பார்த்தபடி. ஐயர் தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

"தம்பி, அப்பா பேசுறன். சுகமாயிருக்கிறம். கிணத்துத் தண்ணி உவராப் போச்சு."

நாடா முடியும்வரை கிணற்றைப் பற்றியே பேசினேன்.