பின்கதவைப் பற்றி நாங்கள் வக்கீலிடம் சொன்னது

அனுப்புநர்:
அ. திரிபுரசுந்தரி,
ஆறு வீட்டு வளவு,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கைக் குழு,
எர்ணாகுளம்.

பொருள்: எங்கள் கிணற்று வழக்கில் எங்களுக்காக ஆஜரான வழக்கறிஞர் திரு. விஸ்வநாத், அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு மாறி, நாங்கள் நம்பிச் சொன்னதை எங்கள் மீதே திருப்பியது குறித்து நடவடிக்கை கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரியில்தான். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் மலையாளம் தடையில்லாமல் வரும். ஆனால் கோபத்தை ஒழுங்காக எழுத எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது. என் மகள் ஸுப்ரியா இதை மலையாளத்தில் எழுதி இணைத்திருக்கிறாள். சில இடங்களில் என் வார்த்தைகளைத் தணித்திருப்பதாகச் சொன்னாள். தணிக்காத பிரதி இதுதான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2. ஒரே மதிலுக்குள் இருக்கும் எங்கள் ஆறு வீடுகளுக்கும் கூட்டாகச் சொந்தமான கிணறு ஒன்று உண்டு. மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் காயலின் உப்பு ஊறிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் சமையலும் குடிப்பதும் இதில்தான். வாளியால் இறைக்கும் வரை இது நல்ல தண்ணீராகவே இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு உள்ளே வந்துவிடும்.

3. எங்கள் வளவுக்கு ஒரு பின்கதவு உண்டு. அதற்கு அப்பால் கிடங்குகள். கோடை வந்தால் மூட்டை தூக்குகிறவர்களும் சுக்கு பொறுக்கும் பெண்களும் வந்து கதவைத் தட்டி, "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். யார் வீட்டில் காது கேட்கிறதோ அவர்கள் போய்த் திறப்பார்கள். எல்லாக் கோடையிலும் இப்படித்தான். ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. கேட்டுத்தான் எடுப்பார்கள் என்பதற்கு எங்களிடம் அத்தாட்சி எதுவும் கிடையாது. குடத்தோடு வந்து நிற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் புத்தி எங்கள் பரம்பரைக்கே இல்லை.

4. எங்கள் மதிலை ஒட்டியிருந்த மிளகுக் கிடங்கை ஒரு நிறுவனம் வாங்கி ஓட்டலாக மாற்றியது. பிறகு எங்களைக் கேட்காமலேயே மதிலைத் துளைத்து, குழாய் இறக்கி, மோட்டார் போட்டார்கள். சில வாரங்களிலேயே தண்ணீர் கரித்தது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகவில்லை. அப்போதுதான் திரு. விஸ்வநாத்திடம் போனோம்.

5. அவர் தண்ணீர் வழக்குகளில் பெயர் பெற்றவர். தேவராவில் நடந்த கூட்டமொன்றில், தண்ணீரைக் காப்பாற்றுவது வழக்கறிஞரின் தர்மம் என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர். தட்டியவர்களில் நானும் ஒருத்தி. பூர்வீகம் பாலக்காடு, எங்கள் தமிழ்தான் பேசுவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "மாமி, என்கிட்ட ஒண்ணும் ஒளிக்கப்படாது. நமக்குப் பாதகமா இருக்கறதைத்தான் முதல்ல சொல்லணும்" என்றார். நம்மவர் கேட்கிறார் என்று நாங்களும் கொட்டினோம். பின்கதவைப் பற்றியும் சொன்னோம். மிளகுக் கிடங்கு ஆட்களும் வருஷக்கணக்கில் அந்த வழியாக வந்து தண்ணீர் எடுத்ததைச் சொன்னோம்.

6. அதைக் கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க செஞ்சது தயவுதான் மாமி. ஆனா தயவுன்னு நிரூபிக்க ஆள் இல்லை. அதை உரிமைன்னு மாத்திச் சொல்லிட்டா கிடங்கை வாங்கினவாளுக்கும் அந்த உரிமை வந்துடும். இதை நாமளா வாய் திறக்க வேண்டாம்" என்று எச்சரித்தார். எங்கள் வழக்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே காட்டித் தந்தவர் அவர்தான். அதற்கு நன்றியும் சொன்னோம்.

7. தீர்ப்பு வரும்வரை மோட்டார் ஓடக் கூடாது என்ற இடைக்கால உத்தரவையும் அவரே வாங்கித் தந்தார். அதை மறுக்க மாட்டேன். ஒரு மழைக்காலம் கழிந்ததும் கிணறு பழைய ருசிக்குத் திரும்பியது. அதன்பின் வேலைப்பளு என்று சொல்லி வழக்கை விட்டு விலகினார். வருத்தத்தோடு ஃபைலை வாங்கிக்கொண்டு, ஷபானா என்ற இளம் வழக்கறிஞரிடம் ஒப்படைத்தோம்.

8. விசாரணை நாளில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஓட்டல் தரப்பில் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றவர் திரு. விஸ்வநாத். முதலில் எனக்குப் புரியவேயில்லை. நமக்கு உதவத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. ஷபானா ஆட்சேபித்தார். ஆட்சேபணை பதிவானது, வழக்கறிஞரின் நடத்தை பற்றித் தங்கள் குழுவிடம் முறையிடலாம் என்று நீதிபதி சொன்னார். ஆகவேதான் இந்த மனு.

9. அவர் அதிகம் கேட்கவில்லை. கோடைதோறும் பின்கதவு திறக்குமா, கிடங்கு ஆட்கள் தண்ணீர் எடுத்தார்களா, அனுமதி கேட்டதற்குச் சாட்சி உண்டா என்று மட்டும் கேட்டார். என் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட அதே வரிசையில் கேட்டார். கதவு திறக்காது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வழக்கு எங்கள் பக்கம் நின்றிருக்கும். சத்தியம் செய்துவிட்டு எனக்குப் பொய் வராது என்பதும் அவருக்குத் தெரியும். திறக்கும், எடுத்தார்கள், சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

10. வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தி, இது நியாயமா என்று கேட்டேன். "ஃபைலைத் திருப்பிக் குடுத்தாச்சே மாமி, அதோட நம்ம பந்தம் முடிஞ்சது. தொழிலைத் தொழிலாப் பார்க்கணும்" என்றார். ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார், சரி. காபி குடித்தபடி காதில் வாங்கியதை எந்தக் காகிதக் கட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார் என்று தங்கள் குழு அவரிடம் கேட்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது தங்கள் விதி என ஷபானா காட்டினார். அதற்கு விதி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கம் போதாதா?

11. எனவே, திரு. விஸ்வநாத் இந்த வழக்கில் இனி ஆஜராகாதபடி உடனே தடுக்க வேண்டும். எங்களிடமிருந்து அவர் அறிந்துகொண்ட மற்ற விஷயங்களையாவது வெளியிடாதபடி கட்டளையிட வேண்டும். அவர் நடத்தையை முறையாக விசாரித்துத் தண்டிக்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் வந்து சத்தியம் செய்து சொல்லத் தயாராக இருக்கிறேன்.

12. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்தக் கோடையில் யார் வந்து தண்ணீர் எடுத்தாலும் அதையும் உரிமைக்குச் சாட்சியாக்கிவிடுவார்கள், தீர்ப்பு வரும்வரை பின்கதவைத் தாழிட்டு வையுங்கள் என்று ஷபானா சொல்லிவிட்டார். ஓட்டல் மாடியில் ஒருவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்களும் பார்க்கிறோம். சென்ற வாரம், பக்கத்துக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் தென்காசிக்காரி முப்பிடாதி குடத்தோடு வந்து வெகுநேரம் தட்டினாள். "ஏக்கா, நாங்க எதுவும் தப்பு செஞ்சிட்டோமா? ஏன் கதவத் தொறக்க மாட்டேங்கிய?" என்று கேட்டாள். வீட்டில் ஆளே இல்லாததுபோல், கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர் கேட்டு வந்தவளுக்குப் பயந்து என்னை ஒளிந்து நிற்க வைத்தவர், நாளைக்கு இன்னொரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து "ஒண்ணும் ஒளிக்கப்படாது" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தாங்கள்தான்.

ஆறு வீடுகளின் சார்பில்,
(ஒப்பம்)
அ. திரிபுரசுந்தரி

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 18-03-2025