ரோப் கார் நிலையத்தின் இருபத்திரண்டு படிகள்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

அப்துல் சலாம் அண்ணன் அனுப்பிய ஒரு போட்டோவால் இன்று வாட்ஸப் குரூப்பே ரகளை. அவர் மதுரை ரோட்டில் தினமும் வேன் ஓட்டுகிறவர். துவரங்குறிச்சி பக்கம், ஜிகினா லேண்ட் கேளிக்கைப் பூங்கா வாசலில் ஒரு நீள லாரி நிற்கிறது. அதன் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்த நாலு இரும்புத் தூண். போட்டோவில் இருப்பது அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 'ஜிகினா ரசிகர்கள்' குரூப்பில் இருநூறு மெசேஜுக்கு மேல்.

அட்மின் சிவசங்கர், "ரோலர் கோஸ்டர்தான், எழுதி வச்சுக்கோங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் யூடியூபில் வீடியோவும் போட்டாயிற்று.

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு தூணும் நாலு உயரம். ஒன்றின் தலையில் குறுக்கே ஒரு கை. அதன் இரண்டு முனையிலும் சின்னச் சக்கரங்கள் வரிசையாக. ரோலர் கோஸ்டர் தூணுக்கு எதற்குச் சக்கரம்? "ரோப் கார்" என்று மட்டும் போட்டேன். சிரிக்கிற பொம்மையாக வந்து குவிந்தது.

சிரிக்கட்டும். தில்லைநகர் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாகக் கட்டட பிளான் வரைகிறேன். இரும்பைப் பார்த்தால் அது எதைத் தாங்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூங்கா மேப் வரைய நான் எப்போதும் பார்க்கிற சாட்டிலைட் படத்தில் புதுசாகத் தோண்டின குழிகள் தெரிகின்றன. ஏழு. ஸ்கேலை வைத்தேன். ஏழும் ஒரே கோட்டில் போய், பூங்காவுக்குள் இருக்கும் பாறைக்குன்றில் முடிகின்றன.

அந்தக் குன்றை நான் கீழிருந்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், ஸ்கூல் டூர். எல்லாரும் இருநூறு படியையும் ஓட்டமாக ஏறினார்கள். போலியோவில் இரண்டு காலும் போனவளை யார் தூக்குவது? டீச்சர் என்னைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார். முப்பத்தேழு பைகள். மேலேயிருந்து கூச்சல் வந்துகொண்டே இருந்தது. இறங்கி வந்தவர்களிடம் என்ன தெரிந்தது என்று கேட்டேன். "சூப்பரா இருந்துச்சு" என்றார்கள். அது ஒரு பதிலா?

மேப் வரைந்து குரூப்பில் போட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 15, சனி

ரோப் கார்! பேப்பரில் விளம்பரமே வந்துவிட்டது. நான் சொன்ன அதே கோடு, அதே குன்று.

சிவசங்கர் வீடியோவில் என் மேப். மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்.

குரூப்பில் இன்று முழுக்க ஊகம்தான். கேபினுக்குள் ஏசி உண்டா, தரை கண்ணாடியா, ஒன்றில் ஆறு பேரா எட்டுப் பேரா, பழனியை விட வேகமா. காலேஜ் படிக்கிற அஃப்ஷீன், "உள்ள பாட்டு போடுவாங்களா?" என்று கேட்டு அதற்கு மட்டும் ஐம்பது பதில். நானும் ஒரு கேள்வி போட்டேன். கேபின் பிளாட்பாரத்தில் நிற்குமா, நகர்ந்துகொண்டே இருக்குமா? தரையும் கேபினும் ஒரே மட்டமா? யாரும் கண்டுகொள்ளவில்லை. அஃப்ஷீன் மட்டும் தனியாக, "ஏன்க்கா கேக்கறீங்க?" என்றாள்.

"நான் வீல்சேர்ம்மா."

மூணு வருஷமாகப் பழக்கம், அவளுக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பேப்பரில் கீழ் நிலையத்தின் வண்ணப்படம், அரைப் பக்கத்துக்கு. வாழைமரம், தோரணம், சிரிக்கிற குடும்பம். நான் படியை எண்ணினேன். இருபத்திரண்டு. சாய்தளம் இல்லை, லிப்ட் இல்லை.

குரூப்பில் எழுதினேன். வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"ரெண்டு பேர் தூக்கினா முடிஞ்சுது."

"இப்பதான் ஒரு நல்ல விஷயம் வருது, அதுலயும் குறையா?"

சிவசங்கர்: "மலைக்கோட்டைக்கும் படிதான் மேடம். உச்சிப் பிள்ளையார்கிட்ட போய்ச் சண்டை போடுங்களேன்."

ஆனாலும் எழுதினேன்: "அந்தப் பாறை நமக்கெல்லாம் முன்னாடியே இருந்தது. இது போன மாசம் ஊத்தின கான்கிரீட்."

ரெண்டு பேர் தூக்கினா முடிஞ்சுதாம். என்னை என்ன அரிசி மூட்டைன்னு நெனச்சாங்களா? இந்த நாற்காலியிலதான் நான் சம்பாதிக்கிறேன், சைடு வீல் வச்ச ஸ்கூட்டர்ல தினம் காவேரிப் பாலத்தைத் தாண்டறேன். ஒரு பய தூக்கினதில்ல என்னை. தூக்கவும் விடமாட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பூங்கா ஆபீசுக்குப் போன் செய்தேன். மேனேஜர் ரஞ்சித் பேசினார். குரலில் தேன்.

"உங்களை மாதிரி இருக்கறவங்களுக்காகவே ஃபுட் கோர்ட் பக்கத்துல நிழலா ஒரு இடம் வச்சிருக்கோங்க. ஃபேன்கூட இருக்கு."

"அங்கேர்ந்து குன்று தெரியுமாங்க?"

"கீழேர்ந்து நல்லாத் தெரியும்."

"கீழேர்ந்து நான் பார்த்தாச்சுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! நிலையம் கட்டியிருப்பது சரிவில். முன்னால் இருபத்திரண்டு படி ஏறினால் பதினோரு அடி. பின்னால் தரையே பதினோரு அடி மேடு. பழைய சாட்டிலைட் படங்களில் நிழலை அளந்து, சர்வே வரைபடத்தோடு இரண்டு தடவை ஒப்பிட்டுவிட்டேன். கேபின்களை ரிப்பேருக்கு வெளியே எடுக்கப் பின்பக்கம் கட்டாயம் ஒரு கதவு இருக்கும். அந்தக் கதவுக்கு வெளியே சரக்கு வண்டி வருகிற பாதை, பிளாட்பாரத்தோடு ஒரே மட்டத்தில்.

சாய்தளம் கட்ட வேண்டாம். லிப்ட் வேண்டாம். கதவைத் திறந்தால் போதும். இருக்கிற கதவு!

ஒரே தாளில் பிளான் வரைந்தேன். என் பெயரை மூலையில் போடவில்லை, நடுவில் போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனுவும் பிளானும் கொடுத்து ரசீது வாங்கினேன். அம்மாவுக்குப் பயம். "வெளாட்டுச் சாமானுக்குப் போயி கலெக்டர் வரைக்கும் போவியா ஜோதி? ஆஸ்பத்திரிக்குக் கேட்டாலும் ஒரு நியாயம்."

ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் நான் போகணுமாம்மா?

அம்மா தோசை மட்டும் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

மே 4, ஞாயிறு

குரூப்பிலிருந்து சிவசங்கர் என்னை நீக்கிவிட்டார்.

மே 5, திங்கள்

காரணத்தை அஃப்ஷீன் சொன்னாள். முன்னோட்ட நாளில் முதல் கேபினில் வீடியோ எடுக்க அவரைப் பூங்காக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்களாம். என் மனு அதைக் கெடுத்துவிடுமோ என்று பயமாம். நான் வரைந்த மேப்களாலும் வளர்ந்த குரூப் அது. அழுதேன், எதற்குப் பொய். கால் மணி நேரம் அழுதேன். பிறகு பூங்காவின் வெப்சைட்டில் முன்னோட்ட நாள் குலுக்கலுக்கு என் பெயரைப் பதிந்தேன். அதற்கு அவர் அட்மின் இல்லையே.

ஜூன் 12, வியாழன்

குலுக்கலில் விழுந்துவிட்டது. ஒரு சீட்டுக்கு இரண்டு பேர். நானும் அஃப்ஷீனும்.

ஜூன் 21, சனி

இன்று முன்னோட்ட நாள். அப்துல் சலாம் அண்ணன் வேனில் போனோம். வழியில் அவர், "ஏறவிடலன்னா என்னம்மா செய்வ?" என்றார். "வரிசையில நிப்பேண்ணே" என்றேன்.

அதைத்தான் செய்தேன். வரிசை நகர்ந்து, நகர்ந்து, என் முறை முதல் படிக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு ஊழியர்கள் நாற்காலியின் இரண்டு பக்கமும் கை வைத்தார்கள்.

"தூக்கிடறோம்க்கா."

"கையை எடுங்க. பின்பக்கக் கதவைத் திறங்க, நானே வரேன்."

"அது ஸ்டாஃபுக்குங்க."

"அப்ப திறக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன். என் முறை முடியல."

படி அகலம், மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். யாரையும் நான் மறிக்கவில்லை. சிலர் முறைத்தார்கள். ஒரு அம்மா, "பாவம், அப்பறமா வரலாம்ல?" என்றார். பாவமில்லைங்க, டிக்கெட் இருக்கு என்று காட்டினேன். அஃப்ஷீனை ஏறச் சொன்னேன். "போங்கக்கா" என்று என் பக்கத்தில் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு நாலு மாதமாக இதே கனவு. உட்கார்ந்தவள் போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

ரஞ்சித் வந்தார். இன்று குரலில் தேன் இல்லை. அவர் பின்னாலேயே மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு பெண், ரோப் கார் கம்பெனியின் எஞ்சினியர், பெயர் லிசி. நான் பிளானை நீட்டினேன். வெயிலில் நின்று முழுக்கப் பார்த்தார்.

"இதை யார் வரைஞ்சது?"

"நான்தாங்க."

"உள்ள வராமலேயா? அந்தக் கதவு ஒரு இஞ்ச்கூடத் தள்ளி இல்ல. அதே இடம்." ரஞ்சித்திடம் திரும்பினார். "சார், கேபினை நிறுத்தி ஏத்தலாம். மூணு நிமிஷ வேலை."

"இன்னைக்கு முடியாது மேடம். மேலிடத்துல கேக்கணும்."

நாலு மணிக்கு மூடினார்கள். நான் ஏறவில்லை. இறங்கி வந்த சிவசங்கர் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு கிட்டே வந்து, "மேடம், வீடியோவுல உங்களை ஒரு ஷாட் காட்டட்டுமா?" என்றார்.

"முதல்ல மேப்ல என் பேரைக் காட்டுங்க" என்றேன்.

முகம் கறுத்துப் போயிற்று. போகட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. தோற்ற மாதிரி இல்லை.

ஜூலை 9, புதன்

லிசி போன் செய்தார். லைசென்சுக்கு முன் சோதிக்க வந்த அதிகாரி கையில் என் மனுவின் நகல் இருந்ததாம். அஃப்ஷீன் போட்ட வீடியோவையும் பார்த்திருக்கிறார். "இந்தக் கதவு ஏன் பூட்டியிருக்குன்னு கேட்டார். நான் உங்க படத்தை எடுத்து நீட்டினேன். கதவைத் திறந்தாதான் லைசென்ஸ்னுட்டார்" என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி?" என்றாள். சொன்னேன். "கதவுதானே, முன்னாடியே திறந்து தொலைச்சிருக்கலாம்ல அந்தக் கடங்காரனுங்க" என்றாள். அம்மா இப்போது என் கட்சி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம், தெருவில் வண்டியை எடுக்க முடியவில்லை. திறந்துவிட்ட ரோப் காருக்கு அடுத்த வாரம் போகலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பின்பக்கம் நீல போர்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் அந்த வழியில் ஐந்து பேர்: முழங்கால் ஆபரேஷன் ஆன லால்குடிக்காரர் ஒருவர், அவர் மனைவி, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தம்பதி, மாசமாக இருக்கிற ஒரு பெண். இவர்களெல்லாம் என் கணக்கிலேயே இல்லை. மாசமாக இருந்த பெண், "இந்த வழி ரொம்ப நல்லா வச்சிருக்காங்கல்ல?" என்று என்னிடமே சொன்னாள். ஆமாங்க என்றேன்.

கேபின் நின்றது. நானே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். அஃப்ஷீன் எதிரே. அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடியே வந்தாள். தரை கண்ணாடி இல்லை, பாட்டும் இல்லை. மூணாவது தூணைத் தாண்டும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. கீழே ரோலர் கோஸ்டர், தண்ணீர்ச் சறுக்கல், நான் வருஷக்கணக்காக வரைந்த பாதைகள். இரண்டு இடத்தில் தப்பாக வரைந்திருக்கிறேன்.

மேலே இறங்கினோம். காற்று அம்மாவின் சேலையைப் பிடுங்கிற்று. எல்லாரும் ஓரத்துக்கு ஓடினார்கள். அம்மா கத்தினாள்: "ஜோதி, இங்க வாடி, மருங்காபுரி வரைக்கும் தெரியுது!"

போனேன். கைப்பிடிச் சுவர் முழுக்க சிமென்ட். நாற்காலியில் உட்கார்ந்தால் என் நெற்றி வரைக்கும் வருகிறது. எனக்குத் தெரிந்தது சுவரும் அதற்கு மேலே வானமும்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை அஃப்ஷீனிடம் கொடுத்தேன்.

நாலடி இரண்டு அங்குலம். இரண்டடிக்கு மேல் சிமென்டை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி போட்டால் போதும். படம் வரைந்தாயிற்று. நாளைக்குத் திங்கள்.