உன் கொழும்புச் சிநேகிதிகளைப் பார்த்தேன், துஷி

என் ஆசை மச்சாள் துஷிக்கு,

நான் போய்விட்டு வந்தேன். நீ ஒரு வருடமாகக் காத்திருந்தும் போகக் கிடைக்காத அந்தக் கொழும்பு விழாவுக்குத்தான். யப்பான் சித்திரக் கதைப் பைத்தியங்கள் எல்லாம் அந்தக் கதைமாந்தர்களைப் போலவே உடுத்திக்கொண்டு வந்து கூடுகிற விழா. உன்மேல் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழைத்தது நாதியா. யார் நாதியா என்றுதான் நானும் கேட்டேன். உன் கைபேசிக் குழுவில் இருந்தவளாம். கப்பல் தலைவி வேஷத்துக்கு நீ தைத்து வைத்த நீலக் கோட்டைக் கொண்டுவர முடியுமா என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அப்படியொரு குழு இருந்ததே எனக்குத் தெரியாது. சாட்டிக் கடற்கரையில் ஒரே கைபேசியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தக் கதையைப் பார்த்தது நாம் இரண்டு பேர்தானே? நம் வேலணையில் வேறு யாருக்கு அந்தக் கப்பல் தலைவியைத் தெரியும்?

மாமிதான் உன் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்துத் தந்தார். "அவள் போட்டுப் பார்க்கக்கூட இல்லை, பிள்ளை. கவனமாக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வா" என்றார்.

நுழைவுச் சீட்டு என்னைப் போல ஒரு முன்பள்ளி ரீச்சருக்குக் கட்டுபடியாகிற விலையா, துஷி? உள்ளே போனால், நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏற நிற்கிற சனம் போல நெரிசல். அட்டை வாள்கள், ஊதா முடிகள், பெரிய பெரிய இறக்கைகள். யாருடைய இறக்கையோ என் கண்ணில் குத்தியது. குளிர்பானத்தின் விலையைக் கேட்டதும் தாகமே போய்விட்டது.

"நீங்க கோமதி தானே? துஷிட மச்சாள்?" என்று ஒருத்தி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவள்தான் நாதியா. பின்னால் ஒரு கூட்டமே நின்றது. ஒவ்வொருத்தியிடமும் உன்னைப் பற்றி ஒரு கதை இருந்தது. நீ அவர்களுக்குப் பாடிப் பாடி அனுப்புவாயாம். உன்னைத் 'தலைவி' என்றுதான் கூப்பிடுவார்களாம். என் முன்னால் நீ ஒருநாளாவது பாடியிருக்கிறாயா?

"கிட்னி சரியில்லண்டு தெரிஞ்ச அண்டைக்கே எங்களுக்குச் சொல்லிட்டா" என்றாள் நாதியா.

எனக்கு எப்போது தெரிந்தது? நீ ஆசுப்பத்திரிக் கட்டிலில் விழுந்த பிறகு.

"எனக்கேன் சொல்லேல்லை?" உன்னிடம் கேட்க வேண்டியதை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்டு நின்றேன்.

"சொன்னா நீங்க சிரிக்கிறத விட்டுருவீங்களாம். வீட்டுப் பக்கம் சிரிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு சொன்னா."

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உன் அழுகையெல்லாம் அவர்களுக்கு, எனக்கு வெறும் சிரிப்பா? வயிறு எரிந்தது, துஷி. அவர்கள் நல்ல பிள்ளைகள் என்பதால் இன்னும் எரிந்தது.

பிறகு நாதியா, உன்னைப் போலவே உயரமான ஒருத்தியை முன்னால் தள்ளினாள். "கோட்டு இவக்கு அளவா இருக்கும். எல்லாரும் வேஷம் காட்டுற மேடைல போட்டுட்டுப் போனா, துஷியே போன மாதிரி இருக்கும்."

"ஏலாது!" நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இது என்ர மச்சாள் தைச்சது. நான்தான் போடுவன்."

கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கோட்டின் கை என் விரலுக்குக் கீழே தொங்கியது. விளிம்பு நிலத்தைக் கூட்டியது. அப்படியே வெளியே வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நாதியா நிலத்தில் முழந்தாளிட்டு விளிம்பை மடித்து ஊசி குத்தினாள். அந்த உயரமானவள் கோட்டின் கைகளை மடித்துவிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கோட்டுக்காகவா, உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

நான் மேடையில் ஏறியதும், ஒலிவாங்கியோடு நின்றவர், "நீங்கள் எந்தக் கதாபாத்திரம்?" என்று கேட்டார். கப்பல் தலைவி என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் துஷியின்ர மச்சாள்" என்றேன்.

மண்டபத்தில் பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனால் ஒரு மூலையில் இருந்து "தலைவி! தலைவி!" என்று கத்தல் எழுந்தது, பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் உனக்கு. எனக்கு அதிலும் பொறாமைதான். செத்த பிறகும் உன்னைத்தானே எல்லாருக்கும் பிடிக்கிறது?

விடுமுறைக்கு அவர்கள் வேலணைக்கு வருகிறார்கள். உன் ஊரைப் பார்க்க வேண்டுமாம். நான் ஓம் என்றுவிட்டேன். மாமி இப்போதே கணவாய்க் கறியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். உன் கதைகளெல்லாம் நான் அவர்களுக்குச் சொல்லுவேன், அவர்களிடமிருப்பதையும் கேட்பேன். ஆனால் ஆசுப்பத்திரியில் கடைசி நாள், மாமி தேத்தண்ணி வாங்கப் போன நேரம், என் காதுக்குள் ஒன்று சொன்னாயே, அதை மட்டும் சொல்ல மாட்டேன். நாதியா அழுது கேட்டாலும் சொல்ல மாட்டேன். இங்கேயும் எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும் நீ தந்தது.

உன் ஒரே மச்சாள்,
கோமதி