ஞாயிற்றுக்கிழமை அம்மா

12 ஜூன் 1997, வியாழன்

வியாழக்கிழமை என்பதால் குழந்தை இயேசு கோயில் வாசலில் காலையிலேயே கூட்டம். பஸ் விவேக் நகருக்குள் நுழையவே இல்லை. நான் வேலை செய்யும் கோரமங்கலா வீட்டுக்கு நடந்தே போனேன். அந்த வீட்டம்மா என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் வள்ளியம்மா அக்கா துணி காயப்போடும்போது சொன்னாள்: "கோயிலுக்குப் பின்னாடி ஹால்ல பொம்பளைங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை சொல்லித் தர்றாங்களாம். வார்டுல நர்ஸுக்குக் கூடமாட இருக்கிற வேலை. நீதான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கியே, போயேன்."

எனக்கு முப்பத்தொரு வயசு. இனிமேலா?

15 ஜூன், ஞாயிறு

அத்திபெலே போய் வந்தேன்.

என் வீட்டுக்காரர் டென்சில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது என் பொண்ணு பிரபாவுக்கு மூன்று வயசு. அறையில் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. அத்திபெலேயில் இருக்கிற அவருடைய தங்கை சரளாவிடம் கொண்டுபோய் விட்டேன். சரளாவுக்குக் குழந்தை இல்லை. ஆறே மாசம் என்று சொல்லித்தான் விட்டேன்.

வாசலில் பிரபா கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். "அம்மா, பிரிஜெட்டம்மா வந்திருக்காங்க!"

அம்மா என்றது சரளாவை.

கிளம்பும்போது சரளாவிடம் கேட்டேன், எப்போது கூட்டிப்போகட்டும் என்று. "நிலையா ஒரு வேலை, பகல்ல பாத்துக்க ஆளு, ரெண்டும் அமையட்டும் அண்ணி. உங்க பிள்ளைய நானா வச்சுக்கப் போறேன்?" என்றாள். நியாயமான பேச்சு. திரும்பி வரும் வழியெல்லாம் வள்ளியம்மா அக்கா சொன்ன ஹாலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

1 ஜூலை, செவ்வாய்

சேர்ந்துவிட்டேன். பதினான்கு பெண்கள். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை. சொல்லித் தருபவர் பார்கவி மிஸ். கன்னடக்காரர், தமிழ் நம்மைப் போலவே பேசுகிறார். எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வேலை, புருஷன் சரியில்லை, கடன் — ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முறை வந்தபோது "என் பொண்ணத் திரும்பக் கூட்டிட்டு வரணும்" என்று வாயில் வந்துவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மிஸ் சொன்னார்: "வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள ஸ்கூல் விட்டதும் இந்த ஹால்லயே வச்சிப் பாத்துக்கிறோம். நீங்க முதல்ல கன்னட எழுத்தப் படிங்க. ஆஸ்பத்திரியில போர்டெல்லாம் கன்னடம்தான்."

பகலில் பார்த்துக்கொள்ள ஆள். சரளா கேட்டதில் ஒன்று.

9 ஆகஸ்ட், சனி

இன்று மடிவாளாவில் ஒரு பஸ் பலகையை யாரையும் கேட்காமல் வாசித்தேன். அத்திபெலே.

3 நவம்பர், திங்கள்

"க்ளாஸா வேலையா, நீயே சொல்லு" என்றார் கோரமங்கலா அம்மா. மத்தியானப் பாத்திரம் கிடந்து நாறுகிறதாம். மூணு வருஷமா ஒரு நாள் லீவு எடுத்திருப்பேனா? காய்ச்சலோட வந்து வீடு தொடச்சேனே, அது கண்ணுல படலயா? வாயைப் பொத்திக்கிட்டு வந்துட்டேன். வேலை போனா அறைக்கு வாடகை எங்கேருந்து வரும்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஹாலுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே வள்ளியம்மா அக்கா வந்து மிஸ்ஸோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டாள்: "மத்தியானப் பாத்திரத்த நான் தேய்க்கறேன்டி. அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். எனக்குத்தான் எழுத்து ஏறல. நீ பாதியில விட்டேன்னு வை, பாத்துக்க."

உட்கார்ந்து அழுதேன். பாடம் நடந்துகொண்டே இருந்தது.

25 டிசம்பர்

பிரபாவுக்கு எடுத்துப் போன கவுனின் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. கடையில் "எத்தன வயசு?" என்று கேட்டார்கள், ஆறு என்றுதான் சொன்னேன். ஆனால் இவ்வளவு போதும் என்று கையால் உயரம் காட்டியபோது என் கை போன வருஷத்து உயரத்தில் நின்றுவிட்டது போல. சரளா வாங்கித் தையலைப் பிரித்துப் பார்த்தாள். பெரிதாக்க உள்ளே துணி இல்லை.

20 பிப்ரவரி 1998, வெள்ளி

செய்முறைப் பரீட்சை. ஒரு பாட்டியம்மாளைப் புரட்டிப் படுக்கவைத்து விரிப்பு மாற்றச் சொன்னார்கள். பயத்தில் படித்த கன்னடம் எல்லாம் போய்விட்டது. அந்த அம்மாள் முகம் சுளித்ததும் தானாக வந்தது: "எல்லி நோவு அம்மா?" எல்லி என்றால் எங்கே; நோவு என்றால் அவர்களுக்கும் நோவுதான். இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கொஞ்ச நேரம் அங்கேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை வைத்த டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

20 ஏப்ரல், திங்கள்

வேலை கிடைத்தது. பெண்கள் வார்டு, பகல் டூட்டி. பார்கவி மிஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோரமங்கலா அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன், "அப்ப நாளைக்கு யார் வருவா?" என்று கேட்டார்.

3 மே, ஞாயிறு

கூட்டிவரப் போனேன். சரளா துணிமணி எல்லாம் மடித்துத் தயாராக வைத்திருந்தாள். பிரபா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரல. நீங்க ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல, அப்படியே வாங்க."

வார்டில் எத்தனை கைகளைப் பக்குவமாகப் பிரித்தெடுக்கப் பழகியிருக்கிறேன். இந்தச் சின்ன விரலைத் தொட முடியவில்லை. தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துவிட்டேன்.

31 மே, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சரளாவே கொண்டுவந்து விட்டாள். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கே மூன்று நாள் தங்கினாள் — பிரபாவுக்கு ஹாலைக் காட்டினாள், குழாயடியைக் காட்டினாள், கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இன்று மாலை பிரபா விளையாடப் போன நேரத்தில் பையை எடுத்தாள்.

"அம்மான்னு கூப்பிடச் சொல்லி நான் பழக்கல அண்ணி. அதுவா கூப்பிட்டுச்சு. நான் தடுக்கல. அது என் தப்புதான்."

பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். பஸ் புறப்பட்ட பிறகுதான் அவள் முந்தானையை முகத்துக்கு எடுத்ததைப் பார்த்தேன்.

14 ஜூன், ஞாயிறு

ஜன்னலில் உட்கார்ந்தே இருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. நாலு வருஷம் எனக்கு இருந்த ஏக்கம் இப்போது அவள் முகத்தில். நான் கேட்டது இதுவா?

11 ஜூலை, சனி

காலையிலிருந்து காய்ச்சல். லீவு சொல்லி அனுப்பினேன். நூற்று மூன்று. ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் கண் திறக்காமல் "அம்மா" என்றாள். எந்த அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. "இருக்கேன்டா கண்ணு" என்றேன். கையைத் துழாவி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகும் விரலை விடவில்லை.

எழுந்து கஞ்சி குடித்தாள். "சரளாம்மாவுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். தூக்கிக்கொண்டு பூத்துக்குப் போய் போன் செய்தேன்.

நாளை ஞாயிறு. சரளா முதல் பஸ்ஸில் வருகிறாள்.