நீ போட்ட ஜாயின்ட்

மச்சான்,

கறுப்பு டேப்பின் ரப்பர் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு சேர்ந்து அதுவும் வருகிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் என் சட்டையைப் பிடித்திருப்பாய். பிடிக்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் நேற்று அப்படிப் பேசிவிட்டேன்.

நம் கம்பி மில்லின் பெரிய போர்வெல்லில் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் நேற்றுக் காலை மக்கர் செய்தது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் மட்டும் நூலாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது. பழுக்கக் காய்ந்த கம்பியைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் மில்லே நின்றுபோனது. மேனேஜர் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, "இன்னாப்பா ஆச்சு?" என்று நச்சரித்தார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை.

"உள்ள கேபிள் ஜாயின்ட்ல தண்ணி பூந்திருக்கும் சார். போன தபா அவன் போட்டது" என்றேன்.

அவன் என்றால் நீதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நீ போன பிறகு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் மனைவிக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு வந்து நின்றவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள்.

உன் ஜாயின்டைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? டேப் சுற்றி முடித்ததும் அதைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கி வைப்பாய். "அது குளிச்சிக்கினு இருக்கட்டும், நாம நாஷ்டா துன்னுட்டு வர்லாம் வா" என்று கும்மிடிப்பூண்டி பைபாஸ் கடைக்கு இழுத்துப் போவாய். திரும்பி வந்து, மெகர் மீட்டர் வைத்து, மின்சாரம் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே இறக்க விடுவாய்.

நேற்று நான் அந்த மெகரைக்கூட எடுக்கவில்லை. கிரேனை வரவழைத்து, குழாய் குழாயாகக் கழற்றி, மோட்டாரை மேலே தூக்கினேன். உன் ஜாயின்ட் சேறு அப்பிக்கொண்டு வந்தது. எல்லோரும் பார்க்க அதை அறுத்தேன். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. செம்பு புதிதாக மின்னியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் மோட்டாரின் சுவிட்ச் பேனலைத் திறந்தேன். முந்தின நாள் ராத்திரி அதில் மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டரை மாற்றியது நான்தான். இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டியிருந்தேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. "பேனல்ல கை வச்சா ரெண்டு பக்கமும் சுத்த வுட்டுப் பாரு. எதுல தண்ணி எகிறுதோ அதான் சரி" என்று எத்தனை முறை கத்தியிருப்பாய்! இரண்டு ஸ்க்ரூவோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

வயரைச் சரியாக மாட்டி, புது ஜாயின்ட் போட்டு, உன்னைப் போலவே பக்கெட்டில் ஊற வைத்து, மோட்டாரை இறக்கினேன். தண்ணீர் எகிறியது. தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். "தண்ணி வந்துட்ச்சில்ல, வுடுப்பா" என்று போய்விட்டார். அவருக்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் அறுத்த துண்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் மேல தப்பே இல்ல தங்கச்சி. பாரு, உள்ள எப்டி காஞ்சி கெடக்குது" என்று துண்டை நீட்டினேன். வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

"அவரு கூடவே இத்தினி வருசம் வேல செஞ்சீங்களேண்ணே. அறுத்துப் பாத்தாதான் தெரிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டாள். துண்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டூல்ஸ் பையில் மெகருக்கு மேலே அதை வைத்திருக்கிறேன், மச்சான். இனி பையைத் திறந்தால் அதுதான் முதலில் கைக்கு வரும். வரட்டும்.