நாலாவது வரி

பிரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பி என்றால் உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள், அதனால் உள்ளபடி சொல்கிறேன், உயிரோடு இருக்கிறோம், சோறு இறங்குகிறது. மெக்சிகோவில் குளிர் விட்டதா, சளி இருந்தால் மிளகு தட்டிப் போட்டுக் குடி. பிரவீனாவின் போன் உடைந்து கிடக்கிறது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், பக்கத்து வீட்டு ஷெர்லின் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் மாடத்திக்கு இரண்டு விரல் போனது உனக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்துப் பெண், நம் பிரவீனாவுக்கு அடுத்த மிஷின். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை, டார்கெட் முடியவில்லை என்று டேப் ஒட்டி மறைக்கச் சொன்னது சூப்பர்வைசர் எல்லப்பன், தகடு சிக்கியபோது மிஷினை நிறுத்தாமலே கையை விட்டு எடுக்கச் சொன்னதும் அவன்தான். ஏட்டி, என் விரலு அங்கனதான் கெடக்கும், பாத்து எடுட்டி என்று அந்தப் பெண் அலற, உன் தங்கைதான் இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆம்புலன்சுக்குப் பின்னால் ஓடியிருக்கிறாள். ஒட்டவில்லை.

போன வாரம் விசாரணைக்கு முதலாளிகள் நாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாடத்தி தானாகக் கையை விட்டாள் என்று எல்லப்பன் சொன்னான், ஆபீஸ் ஆள் அதையே ஸ்பானிஷில் சொன்னான். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நாக்கு எழாத உன் தங்கை எழுந்து நின்று, பொய் என்று அந்த பாஷையிலேயே சொல்லிவிட்டாள். நீ விட்டுப்போன ஸ்பானிஷ் புத்தகத்தைத் துணி துவைக்கும்போதெல்லாம் முணுமுணுத்தாளே, அது பாட்டு என்று நினைத்திருந்தேன். நடந்ததை எழுதி அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவா என்றாராம் அந்த அம்மா. அன்று சாயங்காலமே சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் எல்லப்பன் இவளை மறித்து, பத்தாவது முடிக்காதவளுக்கு வெள்ளக்காரி பாஷ கேக்குதா, நாக்க அறுத்துடுவேன் என்று அறைந்தான், போனைப் பிடுங்கித் தரையில் அடித்து மிதித்தான். காதுக்குள் இன்னும் இரைகிறதாம். மறுநாள் காலை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நம் கதவை உதைத்தான், தாழ்ப்பாள் பிய்ந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, அப்படியே அவன் காலில் ஊற்றினேன். கெய்வி ஊத்திட்டாடா என்று நொண்டிக்கொண்டு ஓடினான். கெய்வியாம், எனக்கு நாற்பத்தெட்டுதான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், நீ பயப்படாதே.

வீங்கிய கன்னத்தோடு வெள்ளிக்கிழமைக்கான காகிதத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர் இன்னொருவரைச் செய்யச் சொன்னார், கட்டாயப்படுத்தினார், கெஞ்சினார் என்று நடந்துபோனதை எழுத அந்த பாஷையில் தனி உருவம் உண்டாமே. மறைத்தார்கள் என்பது தபாரோன், அதில் கடைசி ரோனை வெட்டிவிட்டு ரா ஒட்டினால் தபாரா. உள்ளே விட்டார்கள் என்கிற மெத்தியேரோன் மெத்தியேரா, கையெழுத்துப் போட்டார்கள் என்கிற ஃபிர்மாரோன் ஃபிர்மாரா, ஒழுங்கான வினைச்சொல் எதுவானாலும் இதே வெட்டு என்கிறாள். வெட்டு என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மாடத்தியின் கைதான் கண்ணில் வருகிறது. வரிவரியாக அர்த்தம் கேட்டேன். சென்சாரை மறைக்கும்படி எங்களுக்கு உத்தரவிட்டான். கையை விடும்படி மாடத்திக்கு உத்தரவிட்டான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடும்படி எங்களை மிரட்டினான். நாலாவது வரிக்கு மட்டும் அர்த்தம் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அதட்டியதும் சொன்னாள், வாயை மூடிக்கொண்டிருக்கும்படி என் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

உண்மைதான். விரல் போன அன்றே, உனுக்கு இன்னாடி வந்துச்சு, வாய மூடிகினு கெட என்று நான்தான் சொன்னேன். அந்த வரியை அடித்துவிடட்டுமா அம்மா என்று பேனாவை எடுத்தாள். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போகிறேன், அந்த வரியை நானே சொல்லப்போகிறேன். லே பெதி ஆ மி இஹா கே கயாரா, வாயை மூடிக்கொண்டிருக்கும்படி என் மகளிடம் நான் கேட்டுக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லி நாக்குத் திரும்பிவிட்டது. இதை எழுதும்போது உன் தங்கை அழுகிறாள், எழுது என்று அதட்டியிருக்கிறேன்.

வல்லக்கோட்டை முருகன் உன்னைக் கண்போல் காப்பான், நேரத்துக்குச் சாப்பிடு, நல்லா இரு. வரிகளில் ரா எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வியாழனுக்குள் ஷெர்லின் போனுக்கு அனுப்பு. இன்னொன்று. நமக்கேன் வம்பு, பேசாம இரு என்று விரல் போன அந்த வாரம் நீயும் இவளிடம் போனில் சொன்னாய். ஐந்தாவது வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். அதை நீயே எழுதி அனுப்பு.

உன் அம்மா,
கங்கம்மாள்
(கையெழுத்து பிரவீனாவுடையது)